சூடு மேலேதான் போகும்

கிணற்றுக்கு வாங்கிய வளையங்களில் ஒன்று
மிஞ்சிக் கிடந்தது. நாலடி அகலம்.
ஆறு மாதமாய் அதற்குள் கோழி முட்டையிட்டது.
அதைத்தான் தொட்டியாக்கப் போகிறேன் என்றார் அருந்தவம்.
இருபத்திரண்டு வருசம் ஓட்டோ ஓடிய முதுகு,
எந்த எண்ணெய்க்கும் மசியாத முதுகு.

நீர்வேலியில் சுடுதண்ணித் தொட்டியோ?
கமலேசன் வேலிக்கு மேலால் எட்டிச் சிரித்தான்:
"சித்திரையிலை கிணறே கொதிக்குமே, அண்ணை."
"இப்ப கார்த்திகை," என்றேன் நான்.
ஏன் சொன்னேன் என்று விளங்கவில்லை.
முதல் நாளிலிருந்து நானும் அவன் கட்சிதான்.

அடுப்பு, பாதியாய் வெட்டிய டீசல் பீப்பா.
உள்ளே செப்புக் குழாய்,
ஃபிரிஜ் திருத்துகிற மரியநேசன் கழித்துவிட்டது.
மணல் நிரப்பி வளைத்தால் நெளியாது என்றான்.
ஒன்பது சுற்று நெளியவில்லை.
பத்தாவது நெளிந்தது.

பற்றவைத்தோம்.
ஊமல், பொச்சு, காற்றுக்கு முறிந்த பூவரசு.
குழாய் கேத்தில் மாதிரிச் சீறியது,
தொட்டித் தண்ணி கிணற்றுத் தண்ணியாகவே கிடந்தது.
"ஒரு பம்ப் வேணும்."
கரண்ட் பில் கட்டுகிறவள் நான்.
குந்தியிருந்து பார்த்தேன், வெகுநேரம்.
புட்டு அவிக்கிறவளுக்குத் தெரியாதா
ஆவி எந்தப் பக்கம் போகுமென்று?
அடுப்பு மேட்டில், தொட்டி பள்ளத்தில்.
சூடு இறங்கி வருமென்று
இந்த மனிசன் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அடுப்புக்குக் கிடங்கு வெட்டினோம்.
ஒன்றரை அடியில் செம்மண் முடிந்து சுண்ணாம்புக்கல்.
அலவாங்கு பொறி பறக்கத் திரும்பி வந்தது.
ஒரு கிழமை எங்களுக்குள் கதை இல்லை.

பிறகு தொட்டியைத் தூக்கினோம்,
ஆறு பேர், ஒரு ஜாக்கி, இரண்டு பனங்குற்றி.
கமலேசனும் வந்தான், சிரித்துக்கொண்டே.
முதுகுக்காரர் ஓரமாய் நின்று
"பிடி, பிடி, விட்டிடாதை" மட்டும்.
சீமெந்துக் கல்லில் ஏறியது வளையம்.
அடித்தட்டு பிளந்துபோயிருந்தது.
அதை நானே குழைத்து, நானே பூசி,
மூன்று நாள் ஈரச்சாக்குப் போட்டேன்.

பின்னேரம் நாலு மணிக்கு மறுபடி நெருப்பு.
மேல்துளையைத் தண்ணி மூடின பிறகுதான் தீக்குச்சி.
இது என் சட்டம்.
ஆறு மணிக்கு மேல்தண்ணி இளஞ்சூடு, அடியில் பச்சைத்தண்ணி.
கங்குமட்டையால் கலக்கினேன்.
எட்டரைக்கு முழங்கையை விட்டுப் பார்த்தேன்.
பிள்ளைக்கு வார்த்த காலத்து முழங்கை,
இன்னும் அளவு மறக்கவில்லை.

மழை தூறத் தொடங்கியது. கரண்ட் போனது.
சாரத்தோடு இறங்கினார்.
ஒரு சத்தம் வந்தது அவரிடமிருந்து,
வலி என்றும் சொல்லேலாது.
"நீயும் வாவன்."
"ஆரும் பாப்பினம்."
"இருட்டிலை ஆர் பாக்கிறது?"

உடுத்த சட்டையோடு இறங்கினேன்.
தண்ணி விளிம்பு தாண்டி
அடுப்பில் விழுந்து புஸ்ஸென்றது.
தலையில் குளிர் மழை,
கழுத்துக்குக் கீழே வெக்கை.
நாலடிக்குள் நாலு முழங்கால்,
எது என்னுடையது என்று
ஒரு கணம் தெரியாமல் போனது.

விறகு விலை கதைத்தோம்.
எங்கள் தண்ணிக்குக் குழாயில் சுண்ணாம்பு படியும்,
மாதம் ஒருக்கா புளி கரைத்து விடவேண்டும் என்றேன்.
ஓம் என்றார்.
பம்ப் பற்றி வாய் திறக்கவில்லை.
நானும் திறக்கவில்லை.
அதற்கு இன்னும் விறகு கிடந்தது,
பிறகொரு நாள் எரிக்கலாம்.

வேலிப்பக்கம் டோர்ச் வெளிச்சம்.
"அண்ணை, சூடு எப்பிடி?"
"சித்திரையிலை வாடா," என்றார் அருந்தவம்
கண்ணைத் திறக்காமலே.

விடியப் போய்க் கைவைத்தேன்.
இன்னும் வெதுவெதுப்பு.
விளிம்பில் கோழி நின்றது,
தலையைச் சரித்து
உள்ளே பார்த்தபடி.